டாக்சிசைக்ளின் போட்டு ஜீனை முடுக்குவது: சில கேள்விகள்

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து மனித செல்லில் ஜீனை எப்படி முடுக்குகிறது?

தானாக முடுக்காது; ஆய்வகத்தில் செல்லுக்குள் ஒரு பாக்டீரியாப் புரதத்தைப் புகுத்த வேண்டும். டாக்சிசைக்ளின் (சுருக்கமாக டாக்சி) டெட்ராசைக்ளின் வகை மருந்து. டெட்ராசைக்ளினை அடையாளம் காணும் டெட்ஆர் என்ற புரதம் சில ஈ.கோலை பாக்டீரியாக்களில் உண்டு. மருந்து இல்லாதவரை டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு மருந்தை எதிர்க்கும் ஜீனை அடக்கி வைத்திருக்கும். மருந்து வந்ததும் விட்டுவிடும். 1992-இல் ஹைடல்பெர்க்கில் மன்ஃப்ரெட் கோசனும் ஹெர்மன் புயார்டும் அதோடு ஹெர்பிஸ் வைரஸ் புரதத்தின் தூண்டும் பகுதியை ஒட்டினார்கள். அடக்கிக்கொண்டிருந்தது இப்போது தூண்ட ஆரம்பித்தது. ஆனால் மருந்து போட்டால் ஜீன் அணையும், இதுதான் டெட்-ஆஃப். 1995-இல் நான்கு அமினோ அமிலங்கள் மாறிய வடிவத்தை வைத்துத் தலைகீழாக்கினார்கள்: டாக்சி இருந்தால்தான் டி.என்.ஏ.வைப் பிடிக்கும். அது டெட்-ஆன்.

முகப்பருவுக்கு டாக்சி சாப்பிடுகிறேன். என் ஜீனும் இப்படி முடுக்கப்படுமா?

இல்லை. அந்தப் புரதமும் அது பிடிக்கும் டி.என்.ஏ. துண்டும் நம் செல்லில் கிடையாது.

டெட்-ஆனில், டாக்சி போடாத செல் வளர்ப்புத் தட்டிலும் ஜீன் லேசாக ஓடுகிறதே?

முதலில் செல்லை வளர்க்கச் சேர்க்கும் சீரத்தை, அதாவது இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த திரவத்தை, சந்தேகப்படுங்கள். மாடுகளுக்கு டெட்ராசைக்ளின் கொடுப்பதுண்டு. அதன் மிச்சம் கன்றுச் சீரத்தில் வந்துவிடும். டெட்ராசைக்ளின் இல்லாதது எனச் சோதித்து விற்கும் சீரத்தில் ஒரு தட்டை வளர்த்துப் பாருங்கள். கசிவு நின்றால் சரி. நிற்கவில்லையென்றால், ஜீன் குரோமோசோமில் போய் உட்கார்ந்த இடம் காரணமாக இருக்கலாம். அதற்கு மருந்தளவை மாற்றிப் பயனில்லை. ஒவ்வொன்றும் ஒரே செல்லிலிருந்து வளர்ந்த தனித்தனி குளோன்களாகப் பிரித்து, டாக்சி இல்லாமல் மௌனமாகவும் டாக்சி போட்டால் பலமாகவும் இருப்பதைப் பொறுக்குங்கள். அலுப்பான வேலைதான், குறுக்கு வழி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எவ்வளவு போடுவது?

மில்லிலிட்டருக்கு 0.1 முதல் 1 மைக்ரோகிராம் வரை பெரும்பாலும் போதும். 37 டிகிரியில் சுமார் ஒரு நாளிலேயே பாதி போய்விடும் என்பதால் இரண்டு நாளுக்கொருமுறை புதிதாகச் சேருங்கள். வெளிச்சம் ஆகாது; குப்பியை ஃபாயிலில் சுற்றி வையுங்கள்.

ஒப்பீட்டுக்கு வைக்கும் கண்ட்ரோல் தட்டுக்கும் டாக்சி வேண்டுமா?

கட்டாயம். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் புரதம் செய்யும் ரைபோசோம் பாக்டீரியாவுடையதைப் போன்றது. டாக்சி அங்கேயும் புரத உற்பத்தியைத் தடுக்கும். செல்லின் வளர்சிதைமாற்றம் மாறினால், அது உங்கள் ஜீனின் வேலையா மருந்தின் வேலையா? ஜீன் இல்லாத செல்லுக்கும் அதே அளவு கொடுத்தால்தான் தெரியும். வெறும் ‘போட்டது, போடாதது’ ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

சுண்டெலிக்கு எப்படிக் கொடுப்பது?

குடிநீரில் கலக்கலாம். கசப்பதால் சர்க்கரையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரே குடிக்காது. அடர்நிறப் பாட்டில் வாங்குங்கள். டாக்சி கலந்த தீவனம் கிடைத்தால் அதுவே மேல்.