பச்சைத் தண்ணீரை வடித்துவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டு நீச்சல் குளம் சிமென்ட் குளம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் 2 மீட்டர். இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தோம், பம்ப் ஓடவில்லை. வந்து பார்த்தால் தண்ணீர் பச்சைப் பசேல் என்று கிடக்கிறது. மூன்று நாளாகக் காலையில் குளோரின் பவுடர் போட்டும் மாறவில்லை. முழுக்க வடித்துவிட்டுக் கழுவிவிடலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீரின் எடைதான் தொட்டியை அதன் இடத்தில் அழுத்திப் பிடித்திருக்கிறது. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் குளத்தைக் காலி செய்தால், அடியிலிருந்து வரும் அழுத்தத்தில் தரை விரிசல் விடும். தொட்டியே மேலே தூக்கிக்கொள்வதும் உண்டு. பாசி பிடித்த தண்ணீரை அநேகமாக எப்போதும் மீட்டுவிடலாம்.

நீங்கள் போட்ட குளோரின் வேலை செய்யாததற்கு முதல் காரணம், காலையில் போட்டது. நல்ல வெயிலில் குளோரினில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே சிதைந்துவிடும். சயனூரிக் அமிலம் என்ற நிலைப்படுத்தி தண்ணீரில் இருந்தால்தான் தாங்கும். எனவே இனி பொழுது சாய்ந்த பிறகே போடுங்கள்.

இரண்டாவது காரணம் பிஎச் அளவாக, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்ணாக இருக்கலாம். 7.5-இல் குளோரினில் ஏறக்குறைய பாதி, கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8-ஐத் தொட்டால் அது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பவுடர் அதே பவுடர்தான், பலன் மட்டும் பாதி. டெஸ்ட் கிட்டில் பார்த்து, பிஎச்சை முதலில் 7.2-க்கும் 7.4-க்கும் நடுவில் கொண்டுவாருங்கள். கூடுதலாக இருந்தால் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, பம்ப் ஓடும்போது ஊற்றி, சில மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். குளோரினை ஏற்றிய பிறகு பிஎச் அளவு சரியாகக் காட்டாது, அதனால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

அடுத்தது பிரஷ். பலரும் விட்டுவிடுவது இதைத்தான், எனக்கோ மருந்தைவிட இது முக்கியம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சுவரில் விரலால் தேய்த்துப் பாருங்கள், வழுவழுவென்று ஒரு படலம் தட்டுப்படும். அந்தப் படலத்துக்கு அடியில் இருக்கும் பாசியைக் குளோரின் எட்டாது. சுவர், தரை எல்லாம் தேயுங்கள். படிக்கட்டின் உள்மூலை, ஏணியின் பின்புறம், விளக்கைச் சுற்றியுள்ள விளிம்பு, இந்த மூன்று இடங்களில் மிச்சம் வைத்தால் ஒரே வாரத்தில் பச்சை திரும்பிவிடும். சிமென்ட் குளத்துக்குக் கம்பி பிரஷ் ஆகும். வினைல், ஃபைபர் குளத்துக்கு நைலான் மட்டுமே.

இப்போது அளவு. 8 × 4 × சராசரி ஆழம் 1.5, ஆக 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர். குளோரினை 10 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 10 பங்கு) ஏற்ற, 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடர் சுமார் 740 கிராம் வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அதில் பவுடரைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். பவுடரின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆசிட் இருந்த வாளியை இதற்குத் தொடவே வேண்டாம், நச்சு வாயு கிளம்பும். குளோரின் மாத்திரையோடும் இந்தப் பவுடரைக் கலக்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

பம்ப்பை இரவு பகலாக ஓட விடுங்கள். பச்சை மறைந்து தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கும். செத்த பாசிதான் அது, பயந்துபோய் இன்னும் மருந்தைக் கொட்ட வேண்டாம், ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். மணல் ஃபில்டரின் அழுத்தமானி வழக்கத்தைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) கூடியதும் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுங்கள். பம்ப்பை நிறுத்திய பிறகே வால்வைத் திருப்ப வேண்டும். தரையில் சாம்பல்போல் படிந்ததை வேக்குவத்தால் மெதுவாக இழுத்து, ஃபில்டருக்குள் விடாமல் நேரே வெளியேற்றுங்கள்.

தண்ணீர் பச்சையாகவே, ஆனால் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் அது பாசி அல்ல, தண்ணீரில் செம்பு கலந்திருக்கும். அதற்குக் குளோரின் மருந்தல்ல. சயனூரிக் அமிலம் கலந்த குளோரின் மாத்திரையாகவே வருடக்கணக்கில் போட்டுவந்திருந்தால் அந்த அமிலத்தையும் அளந்துவிடுங்கள். 100 பிபிஎம்மைத் தாண்டியிருந்தால் குளோரின் மந்தமாகிவிடும். அப்போது மட்டும், ஒரு பகுதித் தண்ணீரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பாசி முழுதாகச் செத்ததா என்று அறிய, இருட்டிய பின் ஒருமுறை, சூரியன் எழும் முன் ஒருமுறை குளோரினை அளந்து பாருங்கள். வித்தியாசம் 1 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, மறுபடி பிரஷ், மறுபடி மருந்து. குளோரின் 3 பிபிஎம் அளவுக்கு இறங்கி, ஆழமான முனையின் அடியில் இருக்கும் வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரியும்வரை யாரையும் இறங்கவிடாதீர்கள். கலங்கிய தண்ணீரில் மூழ்கும் குழந்தை கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.