வேலியில் கரண்ட் வைக்கலாமா? திருடன் செத்தால் சட்டம் யார் பக்கம்?

கேள்வி: எங்கள் தோப்பில் மூன்று முறை திருட்டு நடந்துவிட்டது. முதலில் மோட்டாரின் காப்பர் கேபிளை அறுத்துக்கொண்டு போனார்கள். அடுத்து ஸ்டார்ட்டர். கடைசியாக ராத்திரியில் கிடங்கின் பூட்டை உடைத்து உர மூட்டைகளைத் தூக்கிப் போய்விட்டார்கள். போலீஸில் வாய்மொழியாகச் சொன்னோம், பலன் இல்லை. வேலியைச் சுற்றி வெறும் கம்பி இழுத்து, மோட்டார் லைனிலிருந்து ராத்திரி மட்டும் கரண்ட் கொடுத்தால் ஒருத்தனாவது மாட்டுவான், மற்றவன் வரமாட்டான் என்கிறார் மைத்துனர். என் நிலத்தில் திருட வந்தவன் செத்தால் அது என் குற்றமா? நானே காவலிருந்து வெட்டினால் தற்காப்பு ஆகாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கம்பி வேண்டாம். ஏற்கெனவே இழுத்திருந்தால் இன்றே, மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிவிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

உங்களுடைய இரண்டு கேள்விகளும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் சட்டத்தில் வேறு வேறு. எதிரே நிற்பவனைப் பார்த்து, ஆபத்தை எடைபோட்டு நீங்கள் திருப்பி அடிப்பது ஒன்று. நீங்கள் இல்லாத நேரத்தில், வருவது யார் என்றே தெரியாமல் ஒரு பொறி கொல்வது இன்னொன்று. முதலாவதில் சட்டம் உங்களுக்குக் கணிசமான இடம் தருகிறது. இரண்டாவதில் எதுவும் இல்லை.

பொறியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உடனடி ஆபத்து அதில்தான். 1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த செருபின் கிரிகரி எதிர் பீகார் மாநிலம் என்ற வழக்கு ஏறக்குறைய உங்கள் மைத்துனரின் யோசனைதான். தன் கழிப்பறையை வெளியாட்கள் பயன்படுத்துவதைத் தடுக்க, போகும் வழியில் உறையில்லாத செம்புக்கம்பியைக் கட்டி ஒருவர் மின்சாரம் கொடுத்தார். எச்சரிக்கை எதுவும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், தன் வீட்டுக் கழிப்பறைச் சுவர் விழுந்துவிட்டதால் அங்கே போனவர், கம்பியில் பட்டு இறந்தார். "என் இடம், அத்துமீறி வந்தார், சொத்தைக் காக்கும் உரிமை எனக்கு உண்டு" என்ற வாதம் நிற்கவில்லை. அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காக ஒருவரை நேரடியாகத் தாக்கிக் காயப்படுத்தும் உரிமை நில உரிமையாளருக்கு வந்துவிடாது. கையால் செய்யக் கூடாததைக் கம்பியால் மறைமுகமாகச் செய்வதற்கும் அதே விதிதான் என்றது நீதிமன்றம். தண்டனை உறுதியானது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்த நிலைப்பாடுதான் அடிப்படை.

இன்று அதே செயலுக்கு என்ன வழக்கு வரும்? இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (இ.பி.கோ.) பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கு 5 ஆண்டு வரை சிறை. 'உயிர் போகும் என்று தெரிந்தே வைத்தார்' என்று காவல்துறை கருதினால் 105-ஆம் பிரிவு, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். தெரிந்தே செய்ததற்கு 10 ஆண்டு வரை, மரணம் விளைவிக்கும் நோக்கமே இருந்தது என்றால் ஆயுள் வரை போகும். "ஒருத்தனாவது மாட்டுவான்" என்று நீங்கள் எனக்கு எழுதிய வரி, நாளை செல்போனில் யாருக்கோ அனுப்பிய செய்தியாக இருந்தால், அந்த நோக்கத்துக்கு அதுவே சாட்சியம். மோட்டாருக்கு வாங்கிய இணைப்பிலிருந்து வேலிக்கு இழுப்பது மின்சாரச் சட்டம் 2003, 135-ஆம் பிரிவின்படி மின்திருட்டு. அதற்கு 3 ஆண்டு வரை தனி. கம்பியில் யானை விழுந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 3 முதல் 7 ஆண்டு.

"லேசாக அடிக்கிற மாதிரி வைத்தால்?" என்று அடுத்து தோன்றும். வீட்டு லைனில் அப்படி ஒன்று கிடையாது. உடம்பின் வழியே சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடினாலே கைத்தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். 100 மில்லி ஆம்பியர் சில நொடிகள் ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆள் இறந்துவிடலாம். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் உடல் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் ஓடுவது 230 மில்லி ஆம்பியர். நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொடராகப் போட்டால் குறைந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. 40 வாட் பல்பு முழுதாக எரியும்போதே அதன் வழியே சுமார் 170 மில்லி ஆம்பியர் போகிறது. குளிர்ந்த இழைக்கு மின்தடை இன்னும் குறைவு, முதல் அடியை அது தடுக்காது.

முறையான மின்வேலி வேறு இயந்திரம். அதன் எனர்ஜைசர், அதாவது கம்பிக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவி, பல ஆயிரம் வோல்ட் கொடுத்தாலும், நொடிக்கு ஒரு துடிப்புக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றும் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ஒரு துடிப்பின் ஆற்றல் 500 ஓம் சுமையில் 5 ஜூலைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தர வரம்பு. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் மின்சாரமே இல்லாத இடைவெளி இருப்பதால்தான் தொட்டவர் கையை எடுக்க முடிகிறது. தரச்சான்று பெற்ற எனர்ஜைசர், தனி எர்த், கண்ணில் படும் எச்சரிக்கைப் பலகைகள் மூன்றும் இருக்க வேண்டும். காட்டை ஒட்டிய நிலமானால் வனத்துறையிடம் முதலில் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே விதிகள் உண்டு. எனர்ஜைசரின் பேட்டரியைச் சார்ஜ் செய்ய வைத்த லைனை நேராக வேலியில் மாட்டினால் அது மறுபடியும் கொலைக்கம்பிதான்.

இனி இரண்டாவது கேள்வி. நீங்களே நேரில் இருக்கிறீர்கள், திருடன் எதிரே நிற்கிறான்.

நம் சட்டம் இதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. உங்கள் சொத்தையோ மற்றவர் சொத்தையோ திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறல் ஆகியவற்றிலிருந்து காக்க நியாய சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவு உரிமை தருகிறது. நீங்கள் முதலில் முதுகு காட்டி ஓடிப் பார்த்த பிறகுதான் திருப்பி அடிக்கலாம் என்ற கட்டாயம் இல்லை. பதற்றத்தில் கொடுத்த அடியைத் தங்கத் தராசில் நிறுக்க முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனால் உயிரைப் பறிக்கும் அளவுக்கு அந்த உரிமை நீள்வது 41-ஆம் பிரிவு (பழைய இ.பி.கோ. 103) சொல்லும் நான்கே நிலைகளில்தான். கொள்ளை. சூரியன் மறைந்து மறுபடி உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைதல். குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீயாலோ வெடிபொருளாலோ சேதம் செய்தல். நான்காவது, தடுக்காவிட்டால் சாவு அல்லது கொடுங்காயம் நேரும் என்று நியாயமாக அஞ்ச வேண்டிய சூழலில் நடக்கும் திருட்டோ சேதமோ வீட்டு அத்துமீறலோ.

இதை உங்கள் தோப்போடு பொருத்திப் பாருங்கள். ராத்திரி வேலி தாண்டி வந்து கேபிளை அறுப்பவன் திருடன். ஆனால் தோப்பு 'வீடு' அல்ல. ஆகவே இரவு என்பதால் மட்டும் அவனைக் கொல்லும் உரிமை பிறக்காது. துரத்தலாம், மடக்கலாம், தேவையான அளவு அடித்துப் பொருளைப் பிடுங்கலாம், அவ்வளவே. அதே ஆள் கத்தியை உருவிக்கொண்டு உங்கள் மேல் பாய்ந்தால் கணக்கு மாறிவிடும். திருடும்போதோ திருடியதை எடுத்துச் செல்லவோ உயிர்பயம் காட்டினால் அது திருட்டு அல்ல, கொள்ளை. உங்கள் உடலைக் காக்கும் 38-ஆம் பிரிவும் அப்போது துணைக்கு வரும். கிடங்கு இன்னொரு வகை. பொருள் வைக்கும் கட்டடமும் சட்டப்படி 'வீடு'. இரவில் அதன் பூட்டை உடைத்து நுழைவது இரண்டாவது நிலைக்குள் வந்துவிடுகிறது.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பட்டியலில் இருக்கிறது என்பதற்காக வெட்டிவிடலாம் என்று ஆகாது. 41-ஆம் பிரிவே 37-ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டது. தேவைக்கு மேல் தீங்கு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை, காவல்துறையை அழைக்க நேரமிருந்தால் தற்காப்பு உரிமையே இல்லை என்கிறது அது. கிடங்குக்குள் மூட்டையோடு நிற்பது வெறுங்கையோடு நடுங்கும் பதினைந்து வயதுப் பையன் என்று டார்ச் வெளிச்சத்தில் தெரிந்துவிட்டால், நேரம் இரவு என்பது உங்களைக் காப்பாற்றாது. கதவை வெளியே தாழ்போட்டால் போதும் என்ற இடத்தில் அரிவாள் வீசியது ஏன் என்றுதான் கேட்பார்கள்.

ஆபத்து முடிந்த நொடியும் முக்கியம். திருடன் பொருளோடு தப்பிப் போய்விடும் வரையோ, பொருள் மீளும் வரையோ, போலீஸ் உதவி கிடைக்கும் வரையோ சொத்தைக் காக்கும் உரிமை தொடரும் என்கிறது 43-ஆம் பிரிவு. பொருளைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் முதுகில் விழும் வெட்டு தற்காப்பு அல்ல, பழிவாங்கல். நிலத் தகராறு ஒன்றில், ஆபத்து நீங்கிய பிறகு விலகி ஓடியவர்கள்மீது சுட்டவர்களுக்கு இந்த உரிமை கிடையாது என்று ஜெய்தேவ் எதிர் பஞ்சாப் வழக்கில் 1962-இலேயே சொல்லப்பட்டுவிட்டது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். லைசென்ஸ் ஆயுதம் வைத்திருக்கத்தான், சுடுவதற்குத் தனி அனுமதி அல்ல.

உரிமை இருந்து, நல்லெண்ணத்தோடும் முன்திட்டம் இல்லாமலும் அதன் எல்லையை மீறிவிட்டால், 101-ஆம் பிரிவின் விதிவிலக்கு கொலையைக் கொலையாகாத மரணமாகக் குறைக்கும். குறைத்தாலும் சிறை உண்டு. தற்காப்பு என்று நிறுவும் பொறுப்பும் உங்களுடையதே. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஆனால் நாலு பேரைச் சேர்த்து அரிவாளோடு பதுங்கியிருந்தீர்கள் என்று தெரிந்தால் 'முன்திட்டம் இல்லை' என்பதை யார் நம்புவார்?

சட்டத்தை விட்டுத் தள்ளினாலும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. கேபிள் திருட்டை நீதிமன்றம் முழுதாக விசாரித்து நிரூபித்தாலும் 303-ஆம் பிரிவில் கிடைப்பது 3 ஆண்டு வரை. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் குற்றம், பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவைதான் தண்டனை. நீதிபதியே தர முடியாத மரண தண்டனையை ஒரு கம்பி தரலாம் என்று நான் ஏற்க மாட்டேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கேபிள் போனால் தண்ணீர் இல்லை, பயிர் காய்கிறது, அதற்கு நஷ்டஈடு தருவார் இல்லை. ஆனாலும் கேபிள் மறுபடி வாங்கக் கூடியது. நடு இரவில் வீட்டுக்குள் ஆளைக் கண்டவர் ஒரு நொடியில் எடுக்கும் முடிவை நான் குறை சொல்ல மாட்டேன், சட்டமும் அதனால்தான் அவருக்கு அதிக இடம் தருகிறது. கம்பி கட்டுகிறவர் பகலில், நிதானமாக, யார் சாகப் போகிறார் என்று தெரியாமலே முடிவெடுக்கிறார். அந்தக் கம்பிக்கு மாடு தேடி வரும் பக்கத்துத் தோட்டக்காரரும் ஒன்றுதான், அதிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் உங்கள் வேலையாளும் ஒன்றுதான், சுவிட்சை அணைக்க மறந்த நாளில் உங்கள் மகளும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியவை. கேபிளைக் குழாய்க்குள் விட்டு இரண்டடிக்குக் குறையாத ஆழத்தில் புதையுங்கள், வெளியே தெரிந்தால்தான் அறுப்பார்கள். மோட்டார், ஸ்டார்ட்டர் உடல்மீது உங்கள் அடையாள எண்ணை வெட்டிப் பதித்துப் படம் எடுத்து வையுங்கள், பழைய சாமான் கடையில் பிடிபட்டால் அது உங்களுடையது என்று காட்ட வேறு வழி இல்லை. மின்சாரம் நின்றாலோ கேபிள் அறுந்தாலோ செல்போனுக்குத் தகவல் அனுப்பும் மொபைல் ஸ்டார்ட்டர்கள் உள்ளன. வாங்கும்போது உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அறுந்ததும் அதுவும் ஊமையாகிவிடும். கிடங்கு வாசலில் ஆள் அசைந்தால் எரியும் விளக்கும் சைரனும் போடுங்கள்.

திருடன் கையில் சிக்கினால் பிடித்து வைக்கலாம். உங்கள் கண்முன் ஜாமீனில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யக் கூடிய குற்றம் செய்தவரைத் தனிநபரும் கைது செய்ய, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டும். மரத்தில் கட்டிவைத்து அடித்தால் அந்தக் கணமே குற்றவாளி நீங்கள். கைகலப்பில் யாருக்காவது பலத்த காயம் என்றால் முதலில் 108, உடனே 112. ஆயுதத்தையோ உடைந்த பூட்டையோ தொடாதீர்கள், உங்கள் காயங்களையும் அரசு மருத்துவரிடம் காட்டிப் பதியச் சொல்லுங்கள், கேமரா பதிவு அழியுமுன் நகல் எடுங்கள். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க உங்களுக்கு உரிமை உண்டு.

போலீஸில் வாயால் சொன்னது புகார் ஆகவில்லை. மூன்று திருட்டுகளையும் தேதி, பொருள், மதிப்போடு எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவின்படி அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நகரவில்லை என்றால் தபால் ரசீதோடு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம்.