உரிமம் கொடுத்தால் தீருமா?

கேள்வி: பாலியல் தொழிலைச் சட்டப்படி அனுமதித்து, உரிமமும் கட்டாய மருத்துவப் பரிசோதனையும் கொண்டுவந்தால் நோயும் மாமூலும் ஒழியும் என்கிறார் என் நாத்தனார். ஆள் கடத்துவோருக்கே அது வசதியாகும் என்கிறார் கணவர். தங்கள் கருத்து என்ன?
— வாசகி, காரைக்குடி

பதில்: வயது வந்த பெண் தன் விருப்பத்தோடு இத்தொழில் செய்வது நம் நாட்டில் இன்றும் குற்றமன்று. 2022 மே மாதம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில், இத்தொழிலிலுள்ள பெண்களைப் போலீசார் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் 1956ஆம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டம் அவர்களைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் குற்றமாக்கி வைத்திருக்கிறது. பாதுகாப்புக்காக இரு பெண்கள் ஒரே வீட்டிலிருந்து தொழில் செய்தால், அவ்வீடு விபசார விடுதியாகிவிடும். அவர்கள் சம்பாத்தியத்தில் தெரிந்தே வாழ்கிற வயதான தாயும், பதினெட்டு வயது கடந்து கல்லூரியில் படிக்கும் மகனும்கூடத் தண்டனைக்கு உள்ளாகலாம். மாமூல் பிறப்பது இந்த இடத்தில்தான். ஆகவே திருத்த வேண்டியதும் இதைத்தான்.

உரிமத்தை நான் ஏற்கவில்லை. வெள்ளையர் ஆட்சியிலேயே, 1868இல், இப்பெண்களைப் பதிவுசெய்து கட்டாயப் பரிசோதனைக்கு இழுக்கும் சட்டம் வந்தது. அவர்களிடம் வந்த ஆண்களை யாரும் பரிசோதிக்கவில்லை; பெண்கள் பதிவுக்கு அஞ்சி மறைந்தார்கள்; இருபது ஆண்டுகளில் அச்சட்டம் கைவிடப்பட்டது. ஜெர்மனி 2017இல் பதிவைக் கட்டாயமாக்கியும், பெரும்பாலோர் பதியவில்லை என்றே மதிப்பிடப்படுகிறது. எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்று பெயருக்கு முன்பே விசாரிக்கும் நம் செட்டிநாட்டில், அப்படியொரு பதிவேட்டில் பெயர் ஏறிய பெண்ணின் மகளுக்கு வரன் அமையுமா என்பதை உங்கள் நாத்தனாரே எண்ணிப் பார்க்கட்டும். பதிய முடியாதவள் தரகனிடம் இன்னும் இறுக மாட்டிக்கொள்வாள். நோய்த் தடுப்புக்கு வேறு வழி உண்டு: கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியில் 1992 முதல் இத்தொழிலிலுள்ள பெண்களே வீடு வீடாகச் சென்று ஆணுறைப் பழக்கத்தை வளர்த்தார்கள்.

உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது. கடத்தலுக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஈடுபடுத்துவதற்கும் எவ்விதத் தளர்வும் கூடாது. சிறுமியிடம் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நியூசிலாந்து 2003இல் இந்தத் தடைகளைக் காத்துக்கொண்டே, வயது வந்தோர் விருப்பத்தோடு செய்யும் தொழிலுக்கான தண்டனைகளை நீக்கியது. அங்கே நான்கு பெண்கள் வரை, முதலாளி எவருமின்றி, அவரவர் வருமானத்தை அவரவரே வைத்துக்கொண்டு சேர்ந்து தொழில் செய்ய உரிமம் தேவையில்லை; வற்புறுத்துபவருக்குச் சிறை உண்டு. மிரட்டப்பட்ட பெண், தானே கைதாகிவிடுவோம் என்ற பயமின்றிக் காவல் நிலையத்துக்குள் நுழைந்து புகார் கொடுக்க முடிந்தால்தான் கடத்துபவன் பிடிபடுவான்.