செத்த செடியை விடுங்கள், அடிக்கட்டையைத் தேடுங்கள்

கேள்வி: அக்கா, இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கம் ஐந்து ஏக்கர் மரத்தோட்டத்தோடு ஒரு பழைய வீட்டை வாங்கினோம். ஓக், பர்ச் மரங்களுக்கு அடியில் ரோடோடென்ட்ரான், ஹைட்ரேஞ்சா பூச்செடிகள் நிறைய. கொஞ்ச காலமாக ஒவ்வொன்றாகச் சாகின்றன. அதே இடத்தில் புதுச் செடி வைத்தால் அதுவும் போகிறது. போன அக்டோபரில் ஒரு பர்ச் மரத்தடியில் தேன் நிறக் காளான் கொத்துக் கொத்தாக முளைத்தது. பக்கத்து வீட்டுக்காரர், "ஹனி ஃபங்கஸ், இனித் தோட்டம் அவ்வளவுதான்" என்கிறார். மருந்து ஏதாவது அடிக்கலாமா? அந்தக் காளானைச் சமைக்கலாமா என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: மருந்து இல்லை தங்கச்சி. பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்களுக்கென்று, வேரைத் தின்னும் இந்தப் பூஞ்சை நோய்க்கு அனுமதி பெற்ற ரசாயனம் ஒன்றுகூடக் கிடையாது. யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள். ஆனால் தோட்டம் அவ்வளவுதான் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் வேலை பார்க்கும் கென்ட் தோட்டத்திலும் இந்தக் காளான் வருஷா வருஷம் தலைகாட்டுகிறது. தோட்டமும் நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் அதுதானா என்று பாருங்கள். காளான் முளைத்துவிட்டது என்பதற்காக எல்லாச் சாவையும் அதன் தலையில் கட்ட முடியாது. கடைசியாகச் செத்த ரோடோடென்ட்ரானின் தூரில் மண்ணை விலக்கிவிட்டு, பட்டையைக் கத்தியால் சீவுங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கும். முகர்ந்தால் காளான் வாசனை குப்பென்று அடிக்கும். அப்படி இருந்தால் சந்தேகமே வேண்டாம். வெள்ளையே இல்லாமல் பழுப்புக் கறை மட்டும் தெரிந்து, வேர் அழுகி, இடமும் தண்ணீர் தேங்குகிற இடமாக இருந்தால் ஃபைட்டாப்தோரா என்ற வேறொரு வேரழுகல் நோயாக இருக்கலாம். அதற்கு முதல் வேலை வடிகால்.

தோண்டும்போது இந்தப் பூஞ்சையின் இழைகள், ஷூ லேஸ் மாதிரி கறுப்பாக, கையில் வரும். பயந்துவிடாதீர்கள். ஹனி ஃபங்கஸுக்கு அறிவியல் பெயர் ஆர்மில்லாரியா, அந்தக் குடும்பத்தில் பல வகை உண்டு. மெல்லியா என்பதுதான் நன்றாக இருக்கும் மரத்தையும் கொல்வது. காலிக்கா என்ற வகை தடித்த இழைகளை ஏராளமாக விடும், ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே நலிந்த மரத்தைத்தான் பிடிக்கும்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் அடிக்கட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதைத்தான் நான் முதலில் தேடுவேன். 1987 அக்டோபர் 15 இரவு தொடங்கி விடியும்வரை அடித்த புயலில் தென் இங்கிலாந்தில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. சசெக்ஸ் பலத்த அடி வாங்கியது. பல தோட்டங்களில் மரத்தை அறுத்து எடுத்துவிட்டு, கட்டையை மண்ணோடு விட்டுவிட்டார்கள். பெரிய கட்டை ஒன்று இந்தப் பூஞ்சைக்குப் பல பத்தாண்டுகள் சோறு போடும். அங்கிருந்து கறுப்பு இழைகள் வருடத்துக்கு ஒரு மீட்டர் வரை மண்ணுக்குள் போய் அடுத்த வேரைத் தொடும். நீங்கள் புதிதாக வைக்கும் கன்று அதற்கு அடுத்த வேளைச் சாப்பாடு.

ஒரு தாளில் தோட்டத்தை வரைந்து, செத்த செடிக்கெல்லாம் புள்ளி வையுங்கள். புள்ளிகள் எதைச் சுற்றிக் கூடுகின்றனவோ அங்கே தோண்டுங்கள். செத்த பர்ச் இருந்தால் அதன் தூரையும் சேர்த்தே பாருங்கள், பர்ச் இதற்கு எளிதில் இரையாகும். கட்டையையும் கனத்த வேர்களையும் முடிந்தவரை எடுத்து எரித்துவிடுங்கள். எடுக்க முடியாத கட்டையை அரைக்க ஸ்டம்ப் கிரைண்டர் வாடகைக்குக் கிடைக்கும்.

ஐந்து ஏக்கரையும் சுத்தப்படுத்த யாராலும் முடியாது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மால்ஹர் காட்டில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரே பூஞ்சை சுமார் 965 ஹெக்டேர் பரவியிருக்கிறது. ஆகவே எதைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று தேர்ந்தெடுங்கள். திரும்பக் கிடைக்காத நாலைந்து செடிகள் போதும். ஒவ்வொன்றுக்கும் நோய் வரும் பக்கமாக 45 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, குளத்துக்கு விரிக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட்டை நிறுத்தி வையுங்கள். ஷீட்டின் விளிம்பு மண்ணுக்கு மேலே இரண்டு மூன்று செ.மீ. தெரிய வேண்டும். இழைகள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் ஓடும் என்பதால் இது வேலை செய்கிறது. உங்களிடம் இருக்கும் பெரிய சிவப்புப் பூ ரோடோடென்ட்ரான் ஆர்போரியம் வகையாக இருந்தால், நம் நீலகிரிச் சோலை ஓரங்களில் நிற்கும் காட்டுப்பூவரசு அதற்கு ரொம்ப நெருங்கிய உறவு. அதற்கு முதல் ஷீட் போடுங்கள், எனக்காக.

செத்த இடத்தில் மறுபடி ரோடோடென்ட்ரான், ஹைட்ரேஞ்சா, பர்ச் மூன்றும் வேண்டாம். யூ மரம், மூங்கில், கறுப்பு வால்நட் தாக்குப்பிடிக்கும். நிழலான இடம் என்றால் பெரணியும் கிழங்குப் பூச்செடிகளும் போட்டு, மரம் வைக்காமலே கொஞ்ச வருடம் விடுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

சமையல் விஷயம். ஐரோப்பாவில் சிலர் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பது உண்மை. வேகவைத்துச் சாப்பிட்டும் வாந்தி, வயிற்றுவலி வந்தவர்கள் உண்டு. அதைவிட, மட்கிய கட்டையில் முளைக்கும் கேலரினா என்ற காளான் பார்ப்பதற்கு ஏறக்குறைய இப்படியே இருக்கும். அது ஈரலைச் சிதைத்து ஆளைக் கொல்லும். வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், வேண்டாம்.