ஜோடி என்று வாங்கிய ராம் மீன்கள் உண்மையிலேயே ஜோடிதானா?

திருப்பூரில் ஜெர்மன் புளூ ராம் என்ற சிறிய அலங்கார மீனை வளர்க்கும் நண்பரின் கேள்வி இது: "கன்ஃபார்ம் ஜோடிங்க" என்று கடைக்காரர் கொடுத்த இரண்டு மீன்களும் தட்டைக் கல்லில் முட்டையிடுகின்றன, மறுநாளே முட்டைகள் வெளுத்துவிடுகின்றன, அப்படியானால் இரண்டுமே பெண்ணா?

இருக்கலாம். ஆண் இல்லாத தொட்டியில் இரண்டு பெண் ராம்கள் ஜோடி சேர்ந்து, கல்லைச் சுத்தம் செய்து, முட்டையிட்டுக் காவலும் இருப்பது ராம் போன்ற சிக்லிட் குடும்ப மீன்களை வளர்ப்பவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் முட்டை வெளுத்ததை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. ராம் மீன் வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஓரினோகோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது, உப்புகள் குறைந்த மென்னீருக்குப் பழகியது. நம் கொங்குப் பகுதியில் பல வீடுகளில் தொட்டிக்கு ஊற்றுவது வாளியில் வெள்ளைப் படிவு விடும் போர்வெல் தண்ணீர். அதில் நல்ல ஆண் இருந்தாலும் முட்டை கருவுறாமலோ வளராமலோ போவதுண்டு. சிறுவாணித் தண்ணீர் கிடைப்பவர்கள் குளோரினைப் போக்கிவிட்டுப் பயன்படுத்தினால் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீரும். மற்றவர்கள் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து பார்க்கலாம்.

இனி மீனையே பார்ப்போம். வளர்ந்த பெண் ராமின் வயிற்றில் இளஞ்சிவப்புத் திட்டு இருக்கும். உடலின் நடுவிலுள்ள கரும்புள்ளிக்குள் நீலப் பொட்டுகள் மின்னும். ஆணின் கரும்புள்ளி பொதுவாகச் சுத்தமான கறுப்பாக இருக்கும். முதுகுத் துடுப்பின் முன்பக்க முட்களில் இரண்டாவதும் மூன்றாவதும் நீண்டு நிற்கும். புத்தக இலக்கணம் இவ்வளவுதான், ஆனால் பண்ணை மீன்கள் இதற்குக் கட்டுப்படுவதில்லை. தலைமுறை தலைமுறையாக நிறத்துக்காகவே பொறுக்கி வளர்த்ததில், கரும்புள்ளியில் நீலம் தெறித்த ஆண்களும் முள் நீண்ட பெண்களும் தாராளமாக வருகின்றன. எலெக்ட்ரிக் புளூ வகையில் உடல் முழுவதும் நீலம் பூசியது போல இருப்பதால் கரும்புள்ளியும் தெரியாது, வயிற்றுச் சிவப்பும் அரிதாகவே தெரியும். விற்பனைக்காக ஹார்மோன் கொடுத்து நிறமேற்றிய குஞ்சுகளும் சந்தைக்கு வருவதுண்டு. அவற்றை நிறத்தைப் பார்த்து வாங்குவது வீண்.

என் அனுபவத்தில் நம்பத்தக்கது இனப்பெருக்கக் குழல் ஒன்றுதான். முட்டையிடுவதற்குச் சற்று முன்பு, வயிற்றின் அடியில், குதத் துடுப்புக்கு முன்னால் சிறு குழல் ஒன்று வெளியே நீளும். ஆணுக்கு அது மெலிந்து, கூராக, பின்பக்கம் சாய்ந்திருக்கும். பெண்ணுக்குத் தடித்து, நுனி மழுங்கி, ஏறக்குறைய நேராகக் கீழ்நோக்கி நிற்கும். தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, மீன் கல்லின் மேல் மெதுவாக நகரும்போது பார்த்தால் தெளிவாகப் புலப்படும். அடுத்த முறை முட்டையிடும்போது அருகிலேயே உட்கார்ந்து கவனியுங்கள். பெண் வயிற்றைக் கல்லில் உரசிக்கொண்டு போன வழியில் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஆண் அதே வழியில் உரசிச் சென்றாலும் புதிய முட்டை எதுவும் விழாது. இரண்டின் பின்னாலும் முட்டை விழுந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

மற்ற குட்டை சிக்லிட்களில் இவ்வளவு சிரமம் இல்லை. கிரிபென்சிஸில் பெண் குட்டையாக, உருண்டையாக, வயிறு ஊதாச்சிவப்பாக இருக்கும். ஆணின் துடுப்பு நுனிகள் கூர்ந்திருக்கும். அபிஸ்டோகிராமா கக்கட்டுவாய்டிஸில் ஆண் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் வளரும், பெண் 5 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். குஞ்சு காக்கும் பெண் பளிச்சென்ற மஞ்சளாக மாறிவிடும். இங்கும் ஒரு சூது உண்டு: பெரிய ஆணுக்கு அடங்கிக் கிடக்கும் இளம் ஆண்கள் பெண்ணைப் போலவே நிறம் காட்டி ஒளிந்துகொள்ளும். அந்த நேரத்தில் வயிற்றுத் துடுப்பின் முன் ஓரத்தைப் பாருங்கள், பெண்ணுக்கு அது கறுத்திருக்கும். பொலிவியன் ராம்தான் உண்மையில் கடினம். அதற்குக் குழலைத் தவிர வேறு நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

உங்கள் மீன்கள் இரண்டும் பெண் என்று உறுதியானால், ஆண் ஒன்றை வாங்கி அப்படியே விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே சேர்ந்த இரண்டும் அதைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். ஒரு பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றி, கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வைத்த பிறகு ஆணை விடுங்கள்.