என்ஜின் மாற்றிய டீசல் வண்டிக்கு ரீகால் வேலை செய்து தருவார்களா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். என்னுடையது 2014 மாடல் டீசல் எஸ்யூவி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முந்தைய ஓனர் என்ஜினையே மாற்றியிருக்கிறார், ஆனால் ஆர்சியில் பழைய என்ஜின் நம்பர்தான் இருக்கிறது. கம்பெனி இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டால் இரண்டு ரீகால் பாக்கி என்று காட்டுகிறது. ஒன்று பயணி பக்க ஏர்பேக், இன்னொன்று டீசல் பம்ப் வால்வு. சர்வீஸ் சென்டரில் என்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை, எதுவும் செய்ய முடியாது என்கிறார்கள். ஒரு புரோக்கர் 15,000 ரூபாய் கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா சார்?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ரீகால் என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்ய தயாரிப்பாளரே வண்டியைத் திரும்ப அழைப்பது, அந்த வேலை இலவசம். உதிரிபாகத்துக்கும் கூலிக்கும் தயாரிப்பாளர்தான் பணம் தருகிறார். அதற்கு நடுவில் ஒருவர் கைநீட்டினால், அவர் செய்யப்போவது ரீகால் வேலை இல்லை என்று அர்த்தம். அவர் என்ன செய்வார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உங்களிடம் இருக்கும் இரண்டு ரீகாலும் வேறு வேறு ஜாதி. சர்வீஸ் சென்டர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் திருப்பி அனுப்பியது தவறு. ரீகால் என்பது 17 இலக்க சேஸிஸ் நம்பரை வைத்து நடப்பது. ஏர்பேக்குக்கும் என்ஜினுக்கும் என்ன சம்பந்தம்? டாஷ்போர்டுக்குள் இருந்து ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டர், வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்து அங்கேதான் இருக்கிறது. டகாட்டா என்ற ஜப்பான் நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் வெப்பமும் ஈரப்பதமும் பல வருடம் சேர்ந்து உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் கெட்டுப்போனது. அப்படிக் கெட்டுப்போனது விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகளைப் பயணி மேல் வீசியது. உங்கள் வண்டியில் இருப்பதும் அதே ரகமா என்பது ரீகால் அறிவிப்பிலேயே இருக்கும். எந்த ரகமானாலும் ஏர்பேக் ரீகாலைத் தள்ளிப்போடக் கூடாது. வண்டிக்கு வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

அப்படியானால் சர்வீஸ் சென்டரில் வண்டியை எடுத்துக்கொள்ளும் அட்வைசர் ஏன் மறுக்கிறார்? பயம்தான். டீலர் ரீகால் வேலையை முடித்துவிட்டுத்தான் தயாரிப்பாளரிடம் பணத்துக்கு க்ளெய்ம் போடுகிறார். க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டால் அந்தச் செலவு டீலர் தலையில் விழும். அதனால் ஏதாவது ஒரு நம்பர் ஒத்துப்போகவில்லை என்று பார்த்ததுமே, யோசிக்காமல் “முடியாது” என்று சொல்லிவிடுவது அவருக்கு வசதி. நீங்கள் செய்ய வேண்டியது, ஜாப் கார்டு, அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் சீட்டு, போடச் சொல்வது. இரண்டு ரீகாலையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தையும் அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். “என்ஜின் நம்பர் ஒத்துப்போகாததால் ஏர்பேக் மாற்ற மறுக்கிறோம்” என்று எழுத எந்த அட்வைசருக்கும் கை வராது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சட்டத்தைக் காட்டி மிரட்டலாம் என்று நினைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்த்த 110ஏ பிரிவும், 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளும் அரசு உத்தரவிடும் கட்டாய ரீகாலுக்கானவை. அதுவும் 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். பழுது தெரியவே பத்து வருடம் ஆகும் பாகத்துக்கு 7 வருட வரம்பு வைத்த மேதை யாரோ! உங்கள் வண்டிக்கு நடப்பது தயாரிப்பாளர் தானாக அறிவித்த ரீகால். அது அவர் கொடுத்த வாக்கு, அதைப் பிடித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். டீலர் மசியவில்லை என்றால் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்கு ஜாப் கார்டு படத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதுவும் பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இனி பம்ப் வால்வு. இங்கே சர்வீஸ் சென்டர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வந்திருக்கும் என்ஜினோடு அதன் பம்பும் சேர்ந்து வந்திருந்தால், அந்தப் பம்ப் பழுதான தொகுப்பைச் சேர்ந்ததா என்பது உங்கள் சேஸிஸ் நம்பரை வைத்துத் தெரியாது. அந்த என்ஜின் முன்பு இருந்த வண்டியிலேயே அந்த வேலை முடிந்திருக்கலாம். ஆகவே, பம்பின் மேல் இருக்கும் பார்ட் நம்பரையும் தயாரிப்புத் தேதியையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். மென்பொருள் ரீகால் என்றால் கதையே வேறு. 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் இந்தியாவில் 3,23,700 டீசல் கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது நினைவிருக்கலாம். அந்த மாதிரி வேலை இசியூவில், அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில் நடப்பது. என்ஜின் மாறியும் இசியூ பழையதாகவே இருந்தால் தடையே இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் வண்டியில் உண்மையிலேயே என்ஜின் மாறியிருக்கிறதா? முந்தைய ஓனர் “என்ஜின் மாத்தியாச்சு” என்று பெருமையாகச் சொல்லியிருப்பார். பலர் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் மாற்றிவிட்டு என்ஜின் மாற்றினேன் என்பார்கள். பிஸ்டன், லைனர், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு போரிங் செய்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். என்ஜின் நம்பர் பொறித்திருப்பது பிளாக்கில், அதாவது என்ஜினின் முக்கிய உலோக உடலில். பிளாக் பழையது என்றால், மேலே கீழே எதை மாற்றினாலும் சட்டத்தின் கண்ணில் அது அதே என்ஜின்தான், ஆர்டிஓவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கம்பெனியிலேயே நம்பர் இல்லாத வெறும் பிளாக் வாங்கிப் போட்டிருந்தால் அது வேறு, அதற்கு ஆர்டிஓ அனுமதி வேண்டும். ஆக, மெக்கானிக்கை விட்டு பிளாக்கில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து நம்பரைப் படிக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டரில் யாராவது அதைக் கண்ணால் படித்தார்களா, இல்லை மண்ணும் பிசுக்கும் மூடிய எழுத்தில் 8ஐ 3 என்று படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

நம்பர் உண்மையிலேயே வேறு என்றால், ஆர்சியைத் திருத்தாமல் விடாதீர்கள். அதே தயாரிப்பு, அதே வகை என்ஜின் என்றால் 52வது பிரிவின்படி ஆர்டிஓ அனுமதியோடு மாற்றலாம். மாற்றியதை 14 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். உங்கள் முந்தைய ஓனர் அதைச் செய்யவில்லை, பாரம் இப்போது உங்கள் மேல். இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரும்போதும், 2029ல் 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதும் இது கழுத்தைப் பிடிக்கும். என்ஜின் வாங்கிய பில்லை அவரிடம் கேட்டு வாங்குங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகமான என்சிஆர்பியின் இணையதளத்தில் அந்த என்ஜின் நம்பர் திருட்டு வண்டியுடையதா என்று இலவசமாகத் தேடலாம், முதலில் அதைப் பாருங்கள். சிவாஜிநகர் குஜிரிக் கடைகளில், அதாவது பழைய உதிரிபாகக் கடைகளில், நல்ல என்ஜினும் கிடைக்கும், போலீஸ் தேடும் என்ஜினும் கிடைக்கும். பில் கேட்டால் முகம் சுளிக்கும் கடைக்காரரிடம் நம் ஆட்கள் போய் “அண்ணே, கொஞ்சம் குறைச்சுக்கோங்க” என்று பேரம் பேசுகிறார்கள்!

சரி, அந்தப் புரோக்கர். 15,000க்கு அவர் செய்யப்போவது பஞ்சிங்காகத்தான் இருக்கும். பிளாக்கில் இருக்கும் நம்பரைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்துவிட்டு, ஆர்சியில் உள்ள நம்பரைக் குத்துவார். இன்று நீங்கள் வெறும் காகிதம் சரியில்லாத வண்டிக்காரர். குத்திய மறுநாள் கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். ஆர்டிஓ ஆய்வாளர் தேய்த்த தடத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. இன்னொரு ரகம், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியாமல் ஒரு ரெசிஸ்டரை மாட்டிவிட்டு “வேலை முடிஞ்சது சார்” என்பவர். விளக்குதான் அணையும், ஏர்பேக் அப்படியே இருக்கும். ஆர்டிஓ வாசலில் இந்த ஆட்கள் பிழைப்பதற்கு யார் காரணம் என்றால், ஒரு என்ஜின் நம்பர் திருத்தத்துக்கு மூன்று ஜன்னலுக்கு ஆளை அலையவிடும் அலுவலகம்தான். விண்ணப்பம் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் போட்டாலும் வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்டத்தான் வேண்டும், அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

ஆர்சி திருத்தம் முடியும்வரை ஏர்பேக் வேலைக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஜாப் கார்டு போடுங்கள். பாகம் வரத் தாமதம் என்பார்கள், வாங்கி வைக்கச் சொல்லி ரசீது எண் கேளுங்கள். மாற்றி முடிக்கும்வரை முன்பக்கம் பயணி இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். எல்லோரும் பின்னாலேயே வரட்டும்.