மாவு பிசைந்த கை

அன்புள்ள ஐயாவுக்கு,

வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை 300 சேர்ந்திருக்கின்றன, பட்டியலை இணைத்துள்ளேன். ஓவர்மாரோ என்றால் நாளை மறுநாள், குவிட்நங்க் என்றால் வம்பு விசாரிப்பவர், ஸ்னாலிகோஸ்டர் என்றால் கொள்கையில்லாத அரசியல்வாதி. இவற்றைப் பயன்படுத்தினால் என் ஆங்கிலம் மெருகேறுமா?

ர.

அன்புள்ள ர.,

மெருகேறாது. நேர்முகத் தேர்வில் ஓவர்மாரோ என்று சொல்லிப் பாருங்கள், உங்களை நாளை மறுநாள்கூட வரச் சொல்ல மாட்டார்கள். 1535இல் வந்த கவர்டேலின் ஆங்கில பைபிளில் அந்தச் சொல் இருக்கிறது, சரி. ‘நாளன்னைக்கு வா’ என்று தினமும் சொல்கிற நமக்கு அதில் என்ன அதிசயம்? ஸ்னாலிகோஸ்டருக்கும் நம்மிடம் பஞ்சமில்லை, ஆளுக்கும் சரி, சொல்லுக்கும் சரி. விடுங்கள்.

என் வருத்தம் வேறு. 300 சொல் பொறுக்கிய உங்கள் கண்ணில் லேடி படவில்லை. பஸ்ஸிலும் கழிப்பறைக் கதவிலும் எழுதியிருப்பதால் அதற்கு வயதில்லை என்று நினைத்துவிட்டீர்கள். பழைய ஆங்கிலத்தில் ஹ்லாஃப் என்றால் ரொட்டி. இன்றைய லோஃப் அதுதான். ஹ்லாஃப்வெயர்ட், ரொட்டியைக் காப்பவன். அவன்தான் தேய்ந்து லார்டு ஆனான். ஹ்லேஃப்டியே, ரொட்டிக்கு மாவு பிசைபவள். அவள் லேடி. அந்த வீட்டில் அண்டிப் பிழைத்தவனுக்கு ஹ்லாஃபேட்டா என்று பெயர், ரொட்டி தின்பவன். செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரிய வேண்டாமா?

லார்டு, லேடி கதையை எனக்குச் சொன்னவர் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய ஆசிரியர். ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமை போட்ட காலம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா அலுமினியத் தாம்பாளத்தில் சப்பாத்திக்குப் பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை மாவு. வளையலை மேலே ஏற்றி விட்டிருந்தாள். நான் வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டேன். “அம்மா, லேடின்னா மாவு பிசையறவளாம். லார்டுன்னா ரொட்டியைக் காவல் காக்கறவனாம்.”

அம்மா நிமிரவில்லை. “காவல் இருக்கட்டும். இதைத் தேய்க்க வரச் சொல்லு அந்த லார்டை.”

அன்று 14 சப்பாத்தி தேய்த்தேன். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை.

அவளிடம் சொல்லாமல் போனது ஒன்று உண்டு. லேடியின் பின்பாதியில் இருக்கும் பிசைபவளுக்கு ஓர் உறவுக்காரி, டேயே. அவளும் மாவு பிசைந்தவள்தான். பிறகு வேலைக்காரி என்று பொருள் மாறி, பால் கறக்கிறவள், வெண்ணெய் எடுக்கிறவள் என்று ஆகி, கடைசியில் அவள் வேலை செய்த இடத்துக்கு டெய்ரி என்று பெயர் வந்தது. மாவு பிசைந்த இருவரில் ஒருத்தி பிரபு வீட்டு நடுக்கூடத்துக்குப் போனாள், இன்னொருத்தி மாட்டுக் கொட்டிலுக்கு. இதை நான் படித்தபோது அம்மா இல்லை. இருந்திருந்தால், இரண்டாமவளுக்குக் கூலி என்ன கொடுத்தார்கள் என்று கேட்டிருப்பாள்.

குவிட்நங்க் லத்தீனிலிருந்து வந்த சொல். ‘இப்ப என்ன?’ என்று அர்த்தம். அதை வைத்துக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கிறது. 301 டெய்ரி. பால் பாக்கெட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.